தூக்கிவிடும் கைகளும் கட்டப்படாத சரிவுப் பாதையும்

(ஈப்போவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குவாலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இந்த நாட்டுக்கு வந்த கன்றுகளில் எஞ்சிய ஒன்று அது. ஹியூ லோ என்ற ஆங்கிலேய ரெசிடெண்ட் பேராக்கை நிர்வகித்த காலம். அந்த மரத்தின் வம்சம்தான் நம் தாத்தாக்களையும் பாட்டிகளையும் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. மரத்தைப் படம் பிடிக்கப் பலர் வருகிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்கு மக்கள் வருவது நிலவரி கட்ட, பட்டா பார்க்க, பெயர் மாற்ற. இன்றைய என் பேச்சு அந்த மாதிரிக் கட்டடங்களைப் பற்றியது. அரசாங்கக் கட்டடங்களுக்குள் சக்கர நாற்காலியில் வருபவரும், கோல் தட்டி வருபவரும், காது கேளாதவரும் எப்படி நுழைகிறார்கள், நுழைந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதுதான் பொருள். கட்டட வரைபடங்களோடு பிழைப்பு நடத்தியவன் நான். ஆகவே பேச்சில் அங்குலமும் அடியும் கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ பழைய நகரத்தின் பெருமை அதன் வெள்ளைக் கட்டடங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்த ரயில் நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. அதற்கு எதிரே நகர மண்டபம், அதுவும் அவர் கைவண்ணமே. கொஞ்சம் தள்ளி நீதிமன்றம். இவற்றின் தரை தெருமட்டத்தைவிட உயர்ந்திருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் மழையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மழை மட்டுமே காரணம் என்றால் இரண்டு படி போதும். மற்றப் படிகள் எல்லாம் ஆட்சியின் தோரணைக்காக. வருபவன் அண்ணாந்து பார்த்து ஏற வேண்டும் என்று நினைத்து வரைந்தவை அவை. துரை காரில் வந்து போர்ட்டிகோவின் நிழலில் இறங்குவார். மனு கொடுக்க வந்தவன் வெயிலில் நின்று படியை எண்ணுவான்.

ரப்பர் தோட்டத்திலும் அதே தோரணைதான். துரை பங்களா மேட்டில், கிராணி என்ற எழுத்தரின் வீடுகள் சரிவில், தொழிலாளர் லயம் பள்ளத்தில். ஆனால் தோட்டத்துக்குள் ஒரு வசதி இருந்தது. இதைச் சொல்வதால் பழைய காலத்தை நான் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசாங்கத்தோடு ஆகவேண்டிய பல காரியங்கள் தோட்டத்து ஆபிசிலேயே முடிந்தன. பிறப்பு, இறப்பு என்றால் கிராணி எழுதி அனுப்புவார். காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் டிரஸ்ஸர் இருந்தார். கால் முடியாத ஒருவரை லயத்து ஆட்களே பெரட்டுக் களம் வரை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டானது உங்களுக்குத் தெரிந்த கதை. ஐம்பதுகளில், அறுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போகப் போக, சுங்கை சிப்புட்டைத் தன் தொகுதியாகக் கொண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அந்த முயற்சி காப்பாற்றியது போக மீதி, ரப்பரிலிருந்து செம்பனைக்கும் செம்பனையிலிருந்து வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியது. சனங்கள் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் போனார்கள். லிப்ட் இல்லாத நாலு மாடி, ஐந்து மாடி வீடுகள் அவற்றில் ஏராளம். கிராணியும் டிரஸ்ஸரும் இல்லாத இடத்தில் எல்லாக் காரியத்துக்கும் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். சமூக நல இலாகா, தேசியப் பதிவு இலாகா, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம், நில அலுவலகம், நீதிமன்றம் என்று ஆளுக்கு ஒரு கட்டடம். கட்டடத்துக்கு ஒரு படிவரிசை.

இதில் நம் சமூகத்துக்கு ஒரு கூடுதல் பாரம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். சர்க்கரை முதலில் கால் விரலை எடுக்கிறது, பிறகு காலை, சிலருக்குப் பார்வையையும். நாற்பது வருடம் பால் மரம் வெட்டிய ஒருவர், ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் ஒரு காலோடு தாமான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாற்றுத் திறனாளி என்றதும் பிறவிக் குறையை மட்டும் நினைப்பவர்கள் இந்த மனிதரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரும் தன்னைச் சேர்ப்பதில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னால், "அது அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தம்பி" என்பார்.

விண்ணப்பிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அரசாங்க மருத்துவர் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மாவட்டச் சமூக நல அலுவலகம். அவர் புறப்படும் இடத்திலிருந்து பார்ப்போம். செம்மண் சடக்கு, மழை பெய்தால் செம்பனை லாரியின் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். பஸ் வந்தாலும் படி ஏற வேண்டும். வாடகைக் கார் பிடித்தால் செலவு கட்டுப்படியாகாது. கொஞ்சம் தெம்புள்ளவர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரம் பொருத்திக்கொண்டு வருகிறார்கள். எனக்கு மிகவும் மரியாதைக்குரிய வாகனம் அது. உள்ளூர்ப் பட்டறையில் இரும்பை வளைத்து, ஆளின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றபடி செய்தது. ஆனால் அதை நிறுத்த இடம் இருக்காது. நீலக் கோட்டில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடம் காருக்கு. மோட்டார் சைக்கிள் கொட்டகையிலோ அகலம் போதாது. ஆக, யாருக்காக அந்த இடத்தை ஒதுக்கினோம் என்பதே ஒதுக்கியவருக்கு மறந்துபோகிறது.

அடுத்து ஐந்தடி. ஆங்கிலேய நிர்வாகி ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது: கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை, ஐந்தடி அகலத்துக்கு. வெயிலுக்கும் மழைக்கும் இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் வாசலைத் தன் விருப்பத்துக்கு உயர்த்திக்கொண்டார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே அரையடி ஏற்றம், முக்காலடி இறக்கம். தெருவோரம் ஆழமான கால்வாய். அரசாங்க இலாகாக்கள் பல, இப்படிப்பட்ட கடைவரிசையில் மாடியை வாடகைக்கு எடுத்து நடக்கின்றன. அங்கே ரயில் நிலையத்தின் கம்பீரப் படிகள் கிடையாது. இருண்ட, குறுகலான, ஒரே மூச்சில் ஏறும் மாடிப்படிதான் உண்டு. அதற்குக் கட்டடக் கலைஞரைக் குறைசொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது அங்குலக் கணக்கு. பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. ஒரு அங்குலம் ஏற, பன்னிரண்டு அங்குலம் நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி சரிவுப் பாதை. மூன்று படி என்றால் பதினெட்டு அடி. அவ்வளவு இடம் இல்லை என்று மேஸ்திரி ஆறடியில் முடித்துவிட்டால் சரிவு 1:4 ஆகிவிடும். நாற்காலியும் ஆளுமாக எழுபத்தைந்து கிலோ என்று வையுங்கள். முறையான சரிவில் தள்ளுபவர் ஆறு கிலோ சுமையைத் தாங்கினால் போதும்; 1:4இல் பதினெட்டு கிலோ. தள்ளுவது யார்? அறுபது வயது மனைவி. பாதி வழியில் கை நழுவினால் நாற்காலி பின்னோக்கிப் போகும். அந்தச் சரிவுப் பாதையைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டினால், வசதி செய்யப்பட்டுவிட்டது என்று கட்டத்தில் சரி குறி போடுவார்கள்.

கழிவறை பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். கதவில் சக்கர நாற்காலிப் படம், உள்ளே துடைப்பமும் வாளியும், சாவி காவலாளியிடம், காவலாளி தேநீர் குடிக்கப் போயிருப்பார். நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். அந்த ஒன்றரை மீட்டரில்தான் வாளி இருக்கும்.

பார்வை இல்லாதவர்களுக்கான புடைப்புக் கல் பாதையை ஜப்பானியர் செய்இச்சி மியாகே உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க மஞ்சள் கல். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதியில், நம் பூக்கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே அது ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். கல் பதிப்பது ஒருநாள் வேலை, அதைக் காலியாக வைத்திருப்பது தினசரி வேலை. முதலாவதற்கு ஒப்பந்தக்காரர் இருக்கிறார், இரண்டாவதற்கு ஆள் இல்லை.

காது கேளாதவர் நிலைமை கண்ணுக்கே தெரியாதது. முகப்பிடத்தில் எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் அவர் வரிசை போய்விடும். மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ சைகை மொழியாக 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. நல்லது. தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த காது கேளாத பிள்ளை பள்ளியில் அந்தச் சைகையையும் மலாய் எழுத்தையும் கற்கிறது. தாய்க்குத் தெரிந்தது தமிழ். வீட்டில் தாயும் பிள்ளையும் தாங்களே ஆக்கிக்கொண்ட கைஜாடையில் பேசிக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் அதிகாரி மலாயில் கேட்க, தாய் பாதி புரிந்து ஜாடையில் பிள்ளையிடம் கேட்க, பிள்ளை சொன்னதைத் தாய் தனக்குத் தெரிந்த மலாயில் திருப்ப, பாரத்தில் என்ன எழுதப்படும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்குச் சிமெண்டு தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர், காணொளியில் வந்தால்கூடப் போதும்.

சட்டம் இல்லாமலா இப்படி என்று கேட்கலாம். சட்டம் நம்மிடம் முன்பே வந்துவிட்டது. 1984ஆம் ஆண்டின் ஒரே சீர் கட்டடத் துணைச்சட்டங்களில் பின்னர் 34ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பயண முனையம் என்று நீளும் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு மாற்றுத் திறனாளிகள் போய்வர வழி வேண்டும் என்றது அது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை மாற்றியமைக்க மூன்று ஆண்டு கெடு. அளவுகளைச் சொல்ல எம்எஸ் 1184 என்ற தரநிலை 1991இலேயே வந்துவிட்டது. 2002இலும் 2014இலும் திருத்தினார்கள். ஆனால் அதே 34ஏ, உள்ளூராட்சி மன்றம் நியாயம் என்று கருதினால் கெடுவை நீட்டலாம், விலக்கும் தரலாம் என்று பின்கதவைத் திறந்து வைத்தது. கெடுவுக்கு நீட்டிப்பு, நீட்டிப்புக்கு நீட்டிப்பு. முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

2008 ஜூலையில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் நடப்புக்கு வந்தது. பொதுக் கட்டடங்களை மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமை அதன் 26ஆம் பிரிவில் இருக்கிறது. 2010இல் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் மலேசியா உறுதிசெய்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. 41ஆம் பிரிவோ, நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. உரிமையைக் கொடுத்த கை, அதைப் பற்றிக் கேட்கும் வாயையும் மூடியது. அரசியலமைப்பின் 8ஆம் விதி எந்தெந்தக் காரணங்களால் பாகுபாடு கூடாது என்று அடுக்குகிறதே, அங்கே உடற்குறை இல்லை. இரண்டையும் திருத்த வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. சக்கர நாற்காலியில் மேலவைக்குச் சென்ற நம் பத்மாவதி கிருஷ்ணனும், அவருக்குப் பின் வந்த ராஸ் அடிபா ராட்சியும் மாற்றுத் திறனாளிகளின் குரலை நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒலிக்கச் செய்தவர்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். சட்டத்துக்கும் படிக்கும் நடுவே உள்ள இடைவெளியை இத்தனை காலம் நிரப்பி வந்தது மக்களின் தயவு. பேராக் சனங்கள் இரக்கம் உள்ளவர்கள். வாசலில் நாற்காலி வந்து நின்றால் காவலாளி ஓடிவருவார், வரிசையில் நிற்கும் மலாய் இளைஞன் ஒரு பக்கம் பிடிப்பான், சீனப் பெரியவர் குடை பிடிப்பார். சில அலுவலகங்களில் அதிகாரியே பாரத்தை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எல்லாம் உண்மையான அன்பு. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த அன்புதான் சரிவுப் பாதையைக் கட்டவிடாமல் வைத்திருக்கிறது. தூக்கிவிட ஆள் இருக்கும்வரை படி யாருக்கும் பிரச்சினையாகத் தெரிவதில்லை. புகார் எழுதப்படுவதில்லை. பட்ஜெட்டில் அதற்கென ஒரு வரியும் எழுதப்படுவதில்லை.

பால் மரம் வெட்டிய அம்மா ஒருவர், ஒரு அலுவலகத்தில் இரண்டு பேர் தன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார்: "நல்ல பிள்ளைங்கதான் தம்பி, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா நான் என்ன உற்சவ அம்மனா, தோள்ல ஏத்தி ஊர்வலம் விட? எல்லாரும் வேடிக்க பாக்குறாங்க. அதுக்கு அப்புறம் நான் அங்க போகவே இல்ல." அவர் போகவில்லை என்பதால் அவருக்கு வரவேண்டிய உதவித்தொகையும் வரவில்லை. அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அன்று ஒரு நல்ல காரியம் நடந்தது.

இந்த அம்மாவுக்கு ஒரு கூட்டாளி அமெரிக்காவில் இருந்தார். டென்னசி மாநிலத்தில், போல்க் கவுண்டி என்ற சிறிய மாவட்டத்தின் நீதிமன்றத்தில் அப்போது லிப்ட் இல்லை. வழக்கு விசாரணை மாடியில். கார் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்த ஜார்ஜ் லேன் என்பவர் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அங்கே வரவேண்டியிருந்தது. முதல்முறை கையை ஊன்றித் தவழ்ந்து ஏறினார். அடுத்த முறை வந்தவர், தவழவும் மாட்டேன், காவலர்கள் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டேன் என்று கீழேயே இருந்துவிட்டார். நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை என்று சொல்லி அவரைக் கைதுசெய்தார்கள்! கட்டடத்துக்குள்தான் இருந்தார் மனிதர், கீழ்த்தளத்தில். அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004 மே 17ஆம் நாள் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. நீதிமன்றத்துக்குள் நுழைய முடியாதவர் மாநில அரசின் மீதே வழக்குத் தொடுக்கலாம் என்று ஆயிற்று. தூக்கிவிட ஆள் தயாராக இருந்தும் வேண்டாம் என்றாரே, அந்த இடத்தில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

அமெரிக்கா பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுகிறேன். அஜித் சி. எஸ். பெரேரா கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் அவர் சென்ற காரின் மேல் மரம் விழுந்து, அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. அங்கே 2006இலேயே விதிமுறைகள் இருந்தன, நம் 34ஏ போல ஏட்டில். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2011 ஏப்ரல் 27ஆம் நாள் புதிய பொதுக் கட்டடங்களில் அந்த விதிமுறைகளைக் கட்டாயமாக்கும் உத்தரவைப் பெற்றார். இந்தியாவில் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருந்த விதியைச் செல்லாது என்று தள்ளி, மூன்று மாதத்தில் கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. ரதூரி பார்வையற்றவர். தீர்ப்பு வந்ததும் படிகள் கரைந்துவிடவில்லைதான். கொழும்பிலும் சென்னையிலும் இன்னும் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனாலும் அங்கே கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது.

பாரம்பரியக் கட்டடத்தில் கைவைக்கக் கூடாதே என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் சமாதானம். ஹப்பாக்கின் வளைவுகளை நானும் நேசிப்பவன். ஆனால் அதே கட்டடங்களில் குளிர்சாதனப் பெட்டிக்காகச் சுவரில் ஓட்டை போட்டபோது பாரம்பரியம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பக்கவாட்டில், கல்லைத் தொடாமல், கழற்றி எடுக்கக்கூடிய இரும்புச் சரிவுப் பாதை அமைக்கலாம். அதையும் குப்பைத் தொட்டி இருக்கும் பின்வாசலில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

செலவு என்ற வாதம் புதுக் கட்டடத்துக்குப் பொருந்தாது. வரைபடத்திலேயே தரையைச் சமமாக வைத்தால் செலவு மிகக் குறைவு. கட்டியபின் இடித்துக் கட்டினால்தான் பணம். 2007 ஏப்ரலிலிருந்து கட்டடம் குடிபுகத் தகுந்தது என்று சான்று தருவது, தனியார் திட்டங்களில், கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்றவர்கள்தான். அவர்கள் கையெழுத்துக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒருவரும் கோலோடு ஒருவரும் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஈப்போ மாநகர் மன்றம் ஒரு நிபந்தனை போட்டால் என்ன? அரசாங்கம் வாடகைக்கு எடுக்கும் கடைவீட்டுக்கும் அதே நிபந்தனை. அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும், நிபுணருக்குக் கொடுப்பது போல. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றால் அது மறுபடியும் தயவுக் கணக்கில் போய்விடும்.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். கோயில் மண்டபத்துக்கு ஆறு படி, கல்யாண மண்டபம் மாடியில், சாப்பாட்டுப் பந்தி அதற்கும் மேலே. அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கும் சங்கத்தின் அலுவலகமே கடைவரிசையின் இரண்டாம் மாடியில் இருந்தால், மனுவை யார் எழுதினார்கள் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், உடனே செய்யக்கூடியது. தேர்தல் நாளில் நம் தமிழ்ப்பள்ளிகளும் அரசாங்கக் கட்டடம்போல ஆகிவிடுகின்றன. வாக்காளரை வயதுப்படி சாலுரான் என்ற வாக்களிப்பு அறைகளாகப் பிரிக்கிறார்கள். மூத்தவர்களுக்கு முதல் எண். முதியவர் சிரமப்படாமல் கீழ்த்தளத்தில் வாக்களிக்க நல்ல ஏற்பாடு. ஆனால் இருபத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பையனுக்குக் கடைசி எண் வரக்கூடும். அந்த வகுப்பறை மாடியில் இருந்தால் மறுபடியும் நாலு பேர் தூக்க வேண்டும். ஓகேயு பதிவு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது, வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்திடம். இரண்டையும் ஒப்பிட்டு, சக்கர நாற்காலியில் வரும் வாக்காளர் எந்த வயதானாலும் கீழ்த்தளச் சாலுரானில் பெயரைச் சேர்த்துவிடலாம். அடுத்த தேர்தலுக்கு முன்னால் அவரவர் தொகுதியில் இதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தேர்தல் நாளன்று காலையில் பள்ளி வாசலில் நின்று கேட்டால், தூக்கிவிட நாலு பேர் வந்துவிடுவார்கள்.